கம்பெனிப் பச்சை

மாத்திரையில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் போதும், மருந்து கம்பெனிக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும். அந்தப் புள்ளி என்ன என்று பார்த்துச் சொல்வதுதான் அம்சவேணியின் பிழைப்பு. தூசுக்கும் தூசான அந்தத் துணுக்கை ஊசி முனையால் எடுக்க வேண்டும். இரண்டு சின்ன வைரத் தகடுகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் தள்ளி, அதற்குள் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்ச வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரும். ரப்பருக்கு ஒரு கோடு, தலைமுடிக்கு ஒரு கோடு, கிரீஸுக்கு வேறொரு கோடு. மனிதர்கள் ஆயிரம் சொல்வார்கள், கோடு பொய் சொல்லாது என்று அவள் நம்பியிருந்தாள். நல்ல பெண்தான், ஆனால் படித்தவர்களுக்கு இந்த மாதிரி ஒரு வியாதி உண்டு.

அந்தச் சனிக்கிழமை பெங்களூர் லேபில் அவள் முன்னால் இருந்தது மாத்திரைப் புள்ளி அல்ல. அவளுடைய தம்பி ஸ்ரீராம் செத்த அன்று போட்டிருந்த மெரூன் கலர் ஸ்வெட்டரின் தோள்பட்டைக் கம்பளியில் சிக்கியிருந்த ஒரு பச்சைத் துணுக்கு. கடுகில் பாதிகூட இருக்காது. இன்னொரு தாளில் மடித்து வைத்திருந்தது மேக்ஸ்வெல்லின் லக்கேஜ் ஆட்டோ பம்பரிலிருந்து சுரண்டிய பெயிண்ட். இரண்டும் வேறு வேறு என்று மெஷின் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். சொல்லிவிட்டால் மேக்ஸ்வெல் தப்பித்தான். அவளும் தப்பித்தாள், ஏனென்றால் அவள் கட்டிக்கொள்ள இருந்தவன் அவன்தான்.

இதற்கு முந்தைய கதை சின்னது. டிசம்பர் மாதத்துப் பனியில், விடிந்தும் விடியாத நேரத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் பழைய குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் வீட்டிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்ரீராம் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குக் கிளம்பினான். பெங்களூருக்குப் போகிற முதல் ரயிலைப் பிடிக்கத் தினமும் போகிற வழிதான். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டை ஒட்டிய வளைவில் ஏதோ ஒரு வண்டி அவனை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அடுத்து அந்த வழியாக வந்த ஆட்கள் பார்க்கும்போது உயிர் இருந்ததாம். ஆஸ்பத்திரி வாசலில் போயிற்று. முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மனிதர் அதைச் சொல்லாமலேயே இருந்திருக்கலாம். இடித்ததைக்கூட அப்பா ராஜப்பா மன்னித்திருப்பாரோ என்னவோ, பனியில் போட்டுவிட்டுப் போனதை அவரால் மன்னிக்க முடியவில்லை.

வளைவுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் ரத்தினம்மா, அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது லக்கேஜ் ஆட்டோ சத்தம் கேட்டதாகச் சொன்னாள். யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. போலீஸ்காரர்கள் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுதிக்கொண்டார்கள். ஸ்வெட்டர் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்போடு வீட்டுக்கே வந்துவிட்டது. அதை யாரும் கேட்கவில்லை.

மேக்ஸ்வெல் அடுத்த லைனில் இருப்பவன். பங்காருபேட்டை மண்டியிலிருந்து காய்கறி ஏற்றிவருகிறவன், அதே நேரத்துக்குத்தான் தினமும் கிளம்புவான். அன்றைக்கு மைசூர் மைன்ஸ் பக்கமாகப் போனேன், வளைவுப் பக்கமே வரவில்லை என்றான். அவனுடைய பம்பர் இடது பக்கம் நசுங்கியிருந்தது. மண்டியில் லாரி ரிவர்ஸ் வந்து இடித்தது என்றான். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது அந்தப் பம்பருக்குப் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்தான். கிறிஸ்துமஸ் வந்தால் அவர்கள் வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு, கதவுக்கு வார்னிஷ், வண்டிக்குப் பெயிண்ட் எல்லாம் வருஷா வருஷம் நடப்பதுதான். லைனில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் சாவு விழுந்த வருஷத்தில் அது வேறு மாதிரி தெரிந்தது.

"மறைக்கிறான்," என்றார் ராஜப்பா. அன்றோடு சரி, அந்த வீட்டு ஆட்களோடு பேச்சு நின்றது. தை மாதம் நடக்க வேண்டிய நிச்சயதார்த்தத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. வேறு மதத்துப் பையன் என்று அப்பா குதித்தபோது, அக்காவுக்காக இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து அவரைச் சம்மதிக்க வைத்தவன் ஸ்ரீராம். மேக்ஸ்வெல் அவனுடைய சிநேகிதன், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன்.

ஸ்வெட்டரை அப்பா துவைக்க விடவில்லை, ஆணியில் மாட்டியே வைத்திருந்தார். மாசி மாதத்தில் ஒருநாள் அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதபோதுதான் அம்சவேணியின் கண்ணில் அந்தப் பச்சை பட்டது. லேபிலிருந்து பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து பார்த்தாள். பெயிண்ட்தான். மேக்ஸ்வெல்லின் கறுப்புக்கு அடியில் இருப்பதும் பச்சை என்று ஊருக்கே தெரியும். பச்சையில் நூறு பச்சை உண்டு, மெஷின் பிரித்துக் காட்டிவிடும் என்று அவளுக்குத் தைரியம்.

இரண்டையும் லேபில் போட்டுப் பார்க்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னாள்.

"அவன் மேல கீற ஆசைல நீ மாத்திச் சொல்லிட்டீன்னா?"

"நைனா!"

"தம்பி படத்து மேல கைய வெச்சி சொல்லு. மெஷினு இன்னா சொல்தோ அதான் சொல்லுவேன்னு."

வைத்தாள். அவளுக்கு அதில் பயமே இல்லை.

பம்பரைச் சுரண்ட அவள் போனபோது மேக்ஸ்வெல் சண்டை போடவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து ஒரு பிளேடை எடுத்துவந்து கையில் கொடுத்தான். "நீயே சொரண்டிக்கோ வேணி. எவ்ளோ வோணுமோ எட்த்துக்கோ. நான் இல்லன்னு உன் மெஷினாச்சும் சொல்லட்டும், உங்க நைனா என் மூஞ்சியப் பாக்கட்டும்." கறுப்பைத் தள்ளி, அடியிலிருந்த பச்சையைச் சுரண்டித் தாளில் மடித்துக்கொண்டாள். அவன் கைதான் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கை நடுங்கவில்லை என்பதை அவள் கவனித்தாள், கவனித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

லேபின் மேலாளர் ரெபேக்கா மேடத்திடம் விஷயத்தைச் சொல்லித்தான் அனுமதி வாங்கினாள். ரெபேக்கா பெங்களூர் ஃப்ரேசர் டவுன்காரர், கண்டிப்பானவர், கல்நெஞ்சக்காரர் இல்லை. "சனிக்கிழமை மத்தியானம் மெஷின் சும்மாதான் இருக்கும், போட்டுப் பாரு. ஆனா ரிப்போர்ட்டு கிடையாது. நம்ம வேலை இது என்னன்னு சொல்றது. எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்றது இல்ல. அது உனக்கே தெரியும்," என்றார். அம்சவேணி தலையாட்டினாள். தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுவரும் பாட்டுதான்.

மெஷினின் டிடெக்டரைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜனை ஊற்றினாள். வெள்ளைப் புகை மேஜையில் வழிந்து அடங்கியது. முதலில் பம்பர் பெயிண்டைப் போட்டாள். கோடு மெதுவாக வளர்ந்தது. எனாமல் பெயிண்டுக்கு எப்போதும் வருகிற மேடு வந்தது. வெள்ளைக் கல்மாவு கலந்ததற்கான மேடு வந்தது. பிறகு, மற்ற பெயிண்டுகளுக்கு வெறும் தரையாகக் கிடக்கும் இடத்தில், இரண்டாயிரத்துத் தொண்ணூறு என்ற எண்ணுக்கு நேராக, ஊசியாக ஒரு முனை எழும்பியது.

அவளுக்கு அது என்ன என்று தெரியும். பிரஷ்யன் நீலம். அந்தக் காலத்தில் மஞ்சளையும் இந்த நீலத்தையும் கலந்துதான் பச்சை செய்வார்கள். அந்த முனை சயனைடின் நெருங்கிய சொந்தம். விஷம் இல்லை, குடும்பம் மட்டும் ஒன்று. சயனைடு மேட்டுக் காற்றைக் குடித்து வளர்ந்தவளுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்புக்கூட வந்தது. இப்போது கடையில் விற்கிற பச்சையில் இதைப் பார்க்கவே முடியாது. ஆக, மேக்ஸ்வெல்லின் பம்பர் பச்சை அபூர்வமான பச்சை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். இவ்வளவு அபூர்வமானது ஸ்வெட்டரில் எப்படி இருக்கும்?

ஸ்வெட்டர் துணுக்கை எடுத்து வைத்தாள். அவசரத்தில் வைரத் தகட்டை வேண்டியதற்கு மேல் திருகிவிட்டாள். துணுக்கு முழுவதும் மாவாகி அகன்றது. பரவாயில்லை, கோட்டுக்கு அது போதும்.

எனாமல் மேடு. கல்மாவு மேடு. இரண்டாயிரத்துத் தொண்ணூறு.

இரண்டு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். ஒன்றுதான் தெரிந்தது. திரையைப் பெரிதாக்கினாள், சின்னதாக்கினாள், மெஷினை அணைத்துப் போட்டு, துடைத்து, மறுபடி ஓட்டினாள். ரெபேக்கா பின்னால் வந்து நின்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"இந்த பிக்மென்ட்டை நான் பார்த்தே பல வருஷம் ஆச்சு," என்றார் ரெபேக்கா. அவர் ஆச்சரியத்தில் சொன்னதுதான், கெட்ட எண்ணமில்லை. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்சா, அவசரப்படாதே. என்னன்னுதான் தெரியுது, எங்கேருந்துன்னு இல்ல," என்றார். பார்த்தே பல வருஷம் ஆச்சு என்றது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

ரயிலில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பங்காருபேட்டை தாண்டியதும் அப்பா போன் செய்தார். "இன்னாச்சு?" என்றார். அவள் ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம். வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தம்பி படத்தின் மேல் கை வைத்தவள் அவள். ஆசையில் மாற்றிச் சொல்வாள் என்று அப்பா நினைத்தாரே, அந்த ரோஷம் வேறு உள்ளே இருந்தது. தாமதம் பண்ணினால் அதுவே மறைப்பதாகிவிடும் என்று தோன்றியது. நேர்மையாக இருக்க வேண்டும் என்ற வெறியில் அவசரப்பட்டுவிட்டாள்.

"ஒண்ணாத்தான் கீது நைனா."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எதிரில் இருந்த பெண், யாராவது தவறிட்டாங்களா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

மாரிகுப்பத்தில் இறங்கி நடந்து வந்தாள். லைனில் ஜனங்கள் இரண்டு இரண்டு பேராக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டுக் கேட்டைத் தள்ளினாள். எப்போதும்போல அது பாதியில் முட்டிக்கொண்டது, எப்போதும்போல உள்ளங்கையால் ஓங்கித் தள்ளினாள். உள்ளே இரண்டு எட்டு வைத்த பிறகுதான் கையில் ஏதோ உறுத்துவது தெரிந்தது. விரித்துப் பார்த்தாள். வியர்த்த உள்ளங்கையில் ஒரு பச்சைச் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தக் கேட் சுரங்கக் கம்பெனிப் பைப்பில் செய்தது. சுரங்கம் ஓடின காலத்தில் ஸ்டோர்ஸிலிருந்து கழித்துப்போட்ட பைப்பு, ஆங்கிள், தகடு எல்லாம் எப்படியோ லைன் வீடுகளுக்கு வந்து சேர்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே பெயிண்ட், கம்பெனிப் பச்சை. லைன் முழுக்க அதைத்தான் பார்க்கலாம். கேட் பச்சை, ஜன்னல் கம்பி பச்சை, தண்ணீர் டிரம் ஸ்டாண்ட் பச்சை, மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றும் தட்டு பச்சை, மாரியம்மன் கோயில் உண்டியல் பெட்டி பச்சை. மேக்ஸ்வெல்லின் பம்பரும் அவன் வீட்டுப் பழைய பைப்பைத்தான் வளைத்து வெல்டிங் பண்ணியிருக்கிறான். பெங்களூரில் கிடைக்காத பச்சை இங்கே தடுக்கி விழுந்தால் மூக்கில் ஒட்டும். பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து, அது ஒரு நிறம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வெளியூர்க்காரி யாராவது இந்த வேலையைச் செய்திருந்தால் லைனுக்குள் நுழைந்ததுமே கேட்டிருப்பாள். இவள் இந்த ஊர்ப் பெண், அதனால்தான் ஏமாந்தாள்.

ஓடிப்போய்ச் சுவரோரம் சாத்தியிருந்த ஸ்ரீராமின் சைக்கிளைப் பார்த்தாள். பின் கேரியர் கம்பெனி இரும்பில் அப்பா கையால் செய்தது. பச்சை. உள்ளே போனாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரும்புக் கட்டில், கம்பெனி ஆஸ்பத்திரியில் கழித்தது. ஸ்ரீராமைக் கொண்டுவந்ததும் ஸ்வெட்டரோடு அதில்தான் கிடத்தினார்கள், குளிப்பாட்டும்போதுதான் கழற்றினார்கள். தலைமாட்டுக் கம்பியில் பெயிண்ட் பொரிந்து பொரிந்து நின்றது. அதுவும் பச்சை.

அப்பாவின் வலது கையில் துணி சுற்றியிருந்தது. ரத்தம் கசிந்திருந்தது.

"நைனா, இன்னா பண்ணீங்க?"

"கண்ணாடி, லைட்டு, அல்லாத்தையும் ஒடச்சிட்டன்," என்றார். "கடப்பாரய எட்த்துகினு போனன். அவன் வெளிய வந்து நின்னான். தடுக்கல. ஒரு வார்த்த பேசல. தப்பு பண்ணாதவன் பேசாம நிப்பானா?"

"நைனா, அது நம்ம கேட்டுலயும் கீது. அதே பெயிண்ட்டு. இந்தக் கட்டில்லயும் அதான். தம்பி சைக்கிள்லயும் அதான். அது எதுலேர்ந்து வேணா வந்திருக்கும்!"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலாம். "இதத்தான் நான் சொன்னன். நீ மாத்துவேன்னு," என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் தாள் தாளாக மடித்துக்கொண்டு லைனைச் சுற்றினாள். கேட், கட்டில், கேரியர். ரத்தினம்மா டீக்கடை பெஞ்சின் கால். அடிபட்டவனைத் தூக்கி முதலில் கிடத்தியது அந்தப் பெஞ்சில்தான். ரத்தினம்மா ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னாத்துக்குமா சொரண்டுற, புதுசா அடிக்கப் போறியா?" என்று கேட்டாள். அம்சவேணி தாளை மடித்துக்கொண்டு நடந்தாள்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஓட்டினாள். இந்தத் தடவை அவள் வேண்டிக்கொண்டது எல்லாம் ஒரு சின்ன வித்தியாசம். ஏதாவது ஒன்று விலகி நிற்காதா, கட்டிலுக்கு ஒரு மேடு கூடாதா, பம்பருக்கு ஒன்று குறையாதா. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி என்கிற நிலைக்கு வந்திருந்தாள். மேக்ஸ்வெல்தான் என்று உறுதியானால்கூட, அழுது தீர்த்துவிட்டு எழுந்துவிடலாம். கோடுகள் ஒவ்வொன்றாக வந்து ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டன. கேட்டும் கட்டிலும் கேரியரும் பெஞ்சும் பம்பரும் ஸ்வெட்டரும் திரையில் ஒரே கோடாக நின்றன.

"எல்லாம் ஒரே டிரம் பெயிண்ட் மாதிரி," என்றார் ரெபேக்கா. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "துணுக்கு முழுசா இருந்தா, எந்தப் பக்கம் வெயில் பட்டிருக்கு, மேலே வேற அழுக்கு இருக்கான்னு பார்த்திருக்கலாம். அதுவும் நிச்சயம் இல்லதான்."

"நசுக்கிட்டேன் மேடம்."

"தெரியும்."

"வேற மெஷின் எதுலயாவது…?"

"அம்சா. இருந்தது ஒரு துணுக்கு. அதை மாவாக்கியாச்சு. அப்படியே இருந்தாலும், அந்த ஊர்ல எதைத் தொட்டாலும் அதுதான் ஒட்டும்னு நீயே சொல்ற. ஒரு பொருள் எல்லா இடத்திலயும் இருந்தா, அதை வெச்சி ஒரு இடத்தைக் காட்ட முடியாது." அவள் தோளில் கை வைத்தார். "அந்தப் பையன் பண்ணான்னும் இதுல இல்ல, பண்ணலன்னும் இல்ல. வீட்டுக்குப் போ."

ரெபேக்கா சொன்னதில் குற்றம் ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை. குறை சொல்லக் கையில் ஒரு ஆள்கூட மிஞ்சவில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் பொறுமையாக, ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டிச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முடித்ததும், "மொதல்ல சொன்னதுதான் நெசம்," என்றார். "அதுக்கப்புறம் சொல்றது எல்லாம் நீ சொல்றது." பிறகு ஸ்வெட்டரை எடுத்து மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். அவருக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டான். அவனை விட்டுவிட்டால் வெறும் பனியையும் வளைவையும் வைத்துக்கொண்டு இந்த மனிதர் எப்படி மிச்ச நாளை ஓட்டுவார்? அது அவளுக்கும் புரிந்தது. புரிந்ததனால் மேற்கொண்டு வாதாட முடியவில்லை.

லைன்காரர்கள் அவரவர் வசதிக்குப் பேசிக்கொண்டார்கள். மேக்ஸ்வெல்லுக்கு லோடு கொடுத்துக்கொண்டிருந்த கடைக்காரர்கள் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். மெஷினே சொல்லிவிட்டதாம் என்ற பேச்சு ஆண்டர்சன்பேட்டை வரைக்கும் போனது. மெஷின் பிறகு சொன்னதை யாரும் எடுத்துப் போகவில்லை. இல்லை என்கிற செய்தியைத் தூக்கிக்கொண்டு எவன் ஊர் ஊராக நடப்பான்?

அவள் மேக்ஸ்வெல்லைப் பார்க்கப் போகாமலே ஒரு வாரம் ஓட்டினாள். ரயிலுக்குப் போகும்போது அவன் வீட்டு வாசலைத் தவிர்த்து, அந்தப் பக்கத்து லைன் வழியாகச் சுற்றிப் போனாள். என்ன சொல்ல வேண்டும் என்று ரயிலில் உட்கார்ந்து பழகிப் பார்த்தாள். 'நீ இல்லன்னு எனக்குத் தெரியும் மேக்ஸ்வெல்.' ஒரே ஒரு வாக்கியம். பங்காருபேட்டை வரும்வரை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நசுங்கிய பம்பர் நினைவுக்கு வரும். எந்த லாரி, எந்த டிரைவர் என்று அவன் ஒருநாளும் பெயர் சொன்னதில்லையே என்று தோன்றும். மண்டியில் ஆயிரம் லாரி, யார் பெயர் கேட்பார்கள் என்று அவளே பதில் சொல்லிக்கொள்வாள். தாளைப் பிடித்திருந்த கை நடுங்கவில்லை. குற்றமில்லாத கை நடுங்காது. கல்நெஞ்சக்காரன் கையும் நடுங்காது. கம்பெனிப் பச்சை மாதிரியே இதுவும் எல்லாப் பக்கமும் ஒட்டியது.

ஒருநாள் காலை தாமதமாகிவிட்டது, சுற்றிப் போக நேரமில்லை. நேர்வழியில் போனாள். மேக்ஸ்வெல் வாசலில் ஆட்டோவுக்கு முன்னால் நின்று, கண்ணாடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு வந்தான்.

"நைனாவுக்கு கை எப்டி கீது?" என்று கேட்டான்.

"ஆறிட்டு வருது."

"தையல் போட்டாங்களா?"

"போட்டாங்க." அவளுக்கு அழுகை வந்தது. "மேக்ஸ்வெல், அந்த மெஷினு... அது உன்ன சொல்லல. எங்க வூட்டு கேட்டுலயும் அதே பெயிண்ட்டுதான். கட்டில்லயும் அதான். நான் அவசரப்பட்டு நைனாகிட்ட சொல்லிட்டன். தப்பு என்னுதுதான்."

"கேள்விப்பட்டன்," என்றான். "அப்ப நான் இல்லன்னு சொல்லிச்சா?"

"அதுவும் சொல்லல. அதால எதுவும் சொல்ல முடியாது."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பிளாஸ்டிக் ஷீட் காற்றில் படபடத்தது, போய் ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டான். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணில் இருந்தது கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. ரொம்பக் களைத்த மனிதன் ஒரு வாய் தண்ணீர் கேட்கிற மாதிரி கேட்டான்.

"மெஷினு கெடக்குது உடு. நீ இன்னா சொல்ற வேணி?"

அவள் வாயைத் திறந்தாள். இவ்வளவு நாள் பழகி வைத்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. ஸ்ரீராமாக இருந்திருந்தால் யோசித்திருக்கவே மாட்டான், போடா என்று சிரித்து அவன் முதுகில் ஒன்று வைத்திருப்பான். அவளால் முடியவில்லை. அவனைப் பார்த்தபடியே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ, அவ்வளவு நேரமும் அவனுக்குப் பதிலாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது என்பது அவளுக்குத் தெரிந்தும் நின்றாள்.

அவன் காத்திருந்தான். பிறகு திரும்பிக் கயிற்றை எடுத்து, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டான். ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, ஓடினால் பிடிக்கலாம் என்று மட்டும் சொன்னான்.

ஆட்டோ லைன் முனையில் திரும்பி மறைந்தது. இன்னொரு தடவை கேட்காமல் போனானே என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. உடம்பெல்லாம் இளகி, மூச்சு சீராக வந்தது. அந்த நிம்மதி என்னவென்று புரிந்த கணத்தில் அவள் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரயில் அவளில்லாமல் போயிற்று.